பரம்பரையின் கணக்கும் பெண்ணின் மீதான பழியும்

பாலாற்றங்கரை ஊர்களில் ஒரு குழந்தை குறையோடு பிறந்துவிட்டால் மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடுகின்றன. முதல் தீர்ப்பு வீட்டுக்குள்ளிருந்து வருவது: கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள், தின்னக்கூடாததைத் தின்றாள், அவள் பிறந்த வீட்டு ரத்தமே அப்படி. இரண்டாவது தீர்ப்பு படித்தவர்களிடமிருந்து வருவது: சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். முதலாவதை மூடநம்பிக்கை என்றும் இரண்டாவதை அறிவியல் என்றும் எண்ணும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. முதலாவது முழுப்பொய் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மை வேறு சில உண்மைகளை மறைக்கும் திரையாகவும் பயன்படுகிறது என்பதே நம் கருத்து. அதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

வாணியம்பாடியை எடுத்துக்கொள்வோம். 2019இல் திருப்பத்தூர் மாவட்டம் பிரியும் வரை வேலூர் மாவட்டத்திலும், 1989க்கு முன் பழைய வடஆற்காட்டிலும் இருந்த ஊர். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவற்றோடு சேர்ந்து தோல் தொழிலால் வாழும் ஊர். இங்கே தமிழும் தெலுங்கும் பேசும் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் ஆகியோர் முறைப்பெண்கள். பெரியப்பா மக்களும் சித்தி மக்களும் உடன்பிறந்தோர். முஸ்லிம் குடும்பங்களில் அக்காள் மகளை மணப்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. உடன்பிறந்தோரின் மக்கள் எவ்வழியினராயினும் ஒருவரையொருவர் மணக்கத் தடையில்லை. முறைகள் வேறு, காரணங்கள் ஒன்றேதான். சொத்து வெளியே போகக்கூடாது, சீர்வரிசைப் பேரம் வேண்டாம், மகள் தெரிந்த வீட்டில் இருக்கட்டும். இவற்றை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. தன் அத்தையே மாமியாராக இருக்கும் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கற்பனையானதன்று.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) கூறும் கணக்கின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதத்தினர் ரத்த உறவுக்குள் மணந்தவர்கள். இந்திய அளவில் அது 11 சதவீதம். ஆகவே இது ஏதோ ஒரு சமயத்தாரின் அல்லது ஒரு சாதியாரின் வழக்கம் என்று விரல் நீட்டுவதற்கு இடமில்லை. இது நம் எல்லோருடைய வழக்கம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தந்தை தந்தது, ஒன்று தாய் தந்தது. பள்ளிப் பாடநூல் ஒடுங்கு பண்பு என்று சொல்லும் வகை நோய்களில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் பழுதானால்தான் நோய். ஒரு பாட்டியிடம் அப்படியொரு பழுதான பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அவள் மகனுக்குப் போகும் வாய்ப்பு 2இல் 1. மகள் வழியாகப் பேத்திக்குப் போகும் வாய்ப்பு 4இல் 1. மகன் தன் அக்காள் மகளான அந்தப் பேத்தியையே மணந்தால், இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு 8இல் 1. இருவரிடமும் இருந்தாலும் குழந்தைக்கு இரண்டு பழுதும் சேரும் வாய்ப்பு 4இல் 1தான். ஆக மொத்தம் 32இல் 1. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் அது 64இல் 1. அந்த மகன் உறவல்லாத பெண்ணை மணக்கிறான், அவள் சமூகத்தில் ஐம்பது பேரில் ஒருவருக்கு அதே பழுது இருக்கிறது என்றால், வாய்ப்பு 400இல் 1. பழுது எவ்வளவு அரிதானதோ அவ்வளவுக்கு இந்த இடைவெளி கூடும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மரபணுவுக்கு முறை தெரியாது. அத்தை மகளும் சித்தி மகளும் இந்தக் கணக்கில் ஒரே தொலைவில்தான் இருக்கிறார்கள். இரண்டாவது, இந்தக் கணக்கில் எங்குமே தாய்க்கென்று தனிக்குற்றம் கிடையாது. ஒடுங்கு நோயோடு ஒரு குழந்தை பிறந்தால் (மிக அரிய விதிவிலக்குகள் நீங்கலாக) தந்தையும் அதே பழுதைத் தந்திருக்கிறான் என்று பொருள். பாதிக்குப் பாதி. 'அவள் வீட்டு ரத்தம்' என்று மாமியார் சொல்லும்போது, உறவுமுறைத் திருமணத்தில் அது அவருடைய வீட்டு ரத்தமுந்தான் என்ற எளிய உண்மைகூட எவர் நினைவுக்கும் வருவதில்லை.

அப்படியானால் உறவில் மணந்தவர்களின் குழந்தைகள் பெருமளவில் குறையோடு பிறக்க வேண்டுமே? இந்தக் கேள்வியைக் கேட்டு விடைதேடியவர்கள் நம் அருகிலேயே இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். சுந்தர்ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் 1970களில் வடஆற்காட்டில் விரிவான ஆய்வுகளை மேற்கொண்டார்கள். அன்று கிராமப்புறத் திருமணங்களில் பாதிக்குச் சற்றே குறைவானவை உறவுக்குள் நடந்தவை. ஆனால் கருவிழப்பிலும் கருவுறும் திறனிலும் உறவில் மணந்தோருக்கும் அயலில் மணந்தோருக்கும் இடையே பெரிய வேறுபாடு அவர்களுக்குத் தென்படவில்லை. பல தலைமுறைகளாக இவ்வழக்கம் தொடர்ந்ததால், கொடிய பழுதுகள் தாமே வடிகட்டப்பட்டிருக்கலாம் என்று ஒரு விளக்கமும் அக்காலத்தில் முன்வைக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு உறவுத் திருமணத்தில் ஆபத்தே இல்லை என்று முடிவுகட்டுவதும் பிழை. கருவிழப்பையும் குழந்தைகளின் எடையையும் எண்ணுவது வேறு. அரிய நோய்கள் ஒவ்வொன்றையும் கண்டறிந்து எண்ணுவது வேறு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2013இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அங்கே பாகிஸ்தான் வழிவந்த குடும்பங்களில் உடன்பிறந்தோர் மக்களுக்குள் மணம் பரவலானது. பிறவிக்குறைக்கான வாய்ப்பு பொதுவாக 3 சதவீதம். அத்தகைய மணங்களில் அது 6 சதவீதம் என்று அந்த ஆய்வு கண்டது. இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்கலாம், இரண்டுமே உண்மை. ஆபத்து இருமடங்காகிறது. நூற்றில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் குறையின்றியும் பிறக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவர் ஆலோசனை சொல்லவில்லை, அச்சுறுத்துகிறார் அல்லது ஏமாற்றுகிறார்.

நாம் பாதி உண்மை என்று குறிப்பிட்டதன் காரணம் இனித்தான் வருகிறது. சொந்தத்தில் வேண்டாம் என்று அறிவுரை கூறும் அதே படித்த வர்க்கம், மணமகள் தேவை விளம்பரத்தில் சாதியை மட்டுமன்று, உட்பிரிவையும் சேர்த்தே அச்சிடுகிறது. இந்த முரணை அறிவியல் இப்போது எண்களில் காட்டியிருக்கிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ரைக்கும் பிறரும் 2017இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட மக்கள்குழுக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 குழுக்களில், சிறிய எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து பெருகி வந்ததன் தடயம், அரிய பரம்பரை நோய்களுக்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் கூடுதலாக இருந்தது. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை கொண்டவை. ஆந்திர வைசியரிடையே அறுவை சிகிச்சையின்போது தரப்படும் ஒரு வகைத் தசைத்தளர்ப்பு மருந்து உடலில் சிதையாமல் மூச்சை நெடுநேரம் முடக்கிவிடும் குறை மற்றவர்களைவிட அதிகம் என்பது மயக்கவியல் மருத்துவர்கள் அறிந்த எடுத்துக்காட்டு. ஐம்பது தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் மணந்துவரும் குழுவில், முன்பின் அறிமுகமில்லாத இருவரும் மரபணுவில் உறவினர்களே. அத்தை மகளை விலக்கிவிட்டு அதே உட்பிரிவில் அயலூர்ப் பெண்ணைத் தேடுபவர் ஆபத்திலிருந்து தப்பியதாக எண்ணிக்கொள்ளலாம், பாதிதான் தப்பியிருக்கிறார். உறவுத் திருமணத்தைப் பற்றிப் பேசும் நாக்கு சாதியைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

அடுத்து, எல்லா நோயும் இந்த ஒரே வகைக் கணக்கில் அடங்குவதில்லை. ஹீமோஃபிலியா அதற்குச் சான்று. அடிபட்டால் ரத்தம் உறையாத இந்நோயின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. ஆகவே மகனுக்கு ஹீமோஃபிலியா வருவதற்கும் அவன் பெற்றோர் உறவினரா இல்லையா என்பதற்கும் தொடர்பே இல்லை. இருந்தும் 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்ற பொதுத்தீர்ப்பு இங்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அது பொருந்தாது என்று விளங்கியதும், பழி முழுவதும் தாயின் மேல் சாய்கிறது: எக்ஸ் அவள் தந்ததுதானே!

இந்தியாவுக்கு 1957இல் குடியேறி, இந்தியக் குடிமகனாகவே 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் இதற்கு விடையை எப்போதோ தந்துவிட்டார். 1935இல், ஹீமோஃபிலியா மரபணுவில் புதிய பிறழ்வு எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்று கணக்கிட்டார். நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முன்னோர் எவரிடமும் இல்லாத புதுப் பிறழ்வே காரணம் என்ற கருத்து அந்த வழியில் பிறந்தது. 1947இல் இன்னொரு படி முன்சென்று, இப்பிறழ்வுகள் பெண்ணைவிட ஆணின் இனச்செல்களில்தான் கூடுதலாகத் தோன்றுகின்றன என்று வாதிட்டார். பின்னாளைய ஆய்வுகளும் அதன் பக்கமே நின்றன. இதன் பொருள், குடும்பத்தில் முதன்முறையாக ஒரு பையனுக்கு இந்நோய் தோன்றும்போது, பிறழ்வு நேர்ந்த இடம் பெரும்பாலும் அவன் தாயைப் பெற்ற பாட்டனாரின் விந்தணு. தாய் அதைப் பெற்றவள், தோற்றுவித்தவள் அல்லள். பழி சொல்ல ஒருவர் வேண்டுமென்றால், அதுவும் வேண்டாம் என்பதே நம் பக்கம், தேட வேண்டிய திசையே வேறு.

நம் பாடநூல்கள் இந்தத் தாயைக் 'கடத்தி' என்கின்றன. மின்சாரம் பாயும் கம்பிக்கும் அதே சொல்தான். தான் எதையும் உணராமல் நோயை மறுமுனைக்கு அனுப்பும் பொருளாக அவளை அச்சொல் ஆக்கிவிடுகிறது. ஆனால் அவள் உணர்கிறாள். கரு சில நூறு செல்களாக இருக்கும் தொடக்க நாட்களிலேயே, பெண் கருவின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸ்களில் ஒன்றை மூடிவிடுகிறது. எதை மூடுவது என்பது தற்செயல். மேரி லையன் 1961இல் முன்வைத்த கருத்து இது. நல்ல எக்ஸ் பெருமளவில் மூடப்பட்டுவிட்ட பெண்ணுக்கு உறைபொருள் குறைந்து, மாதவிலக்கிலும் பேறுகாலத்திலும் ரத்தப்பெருக்கு மிகுகிறது. அவள் கடத்தி அல்லள், நோயாளி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனிகளில் நாள் முழுதும் வேலை செய்வோரில் பெரும்பகுதி பெண்கள். 'எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்' என்று ரத்தப்போக்கைப் பொறுத்துக்கொள்ளும் பெண்ணிடம், உன் தம்பிக்கோ மாமனுக்கோ ரத்தம் நிற்காத குறை உண்டா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை.

இந்நோய்க்கான உலகத்தரமான பணி நடப்பது இங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை, கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்குச் செய்த மரபணு சிகிச்சையை விவரிக்கிறது. அவர்களுடைய சொந்த ரத்த மூலச்செல்களை எடுத்து, உறைபொருள் மரபணுவை ஒரு வகை வைரஸின் வழியே அவற்றுள் ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். சிகிச்சைக்குப் பின்னான கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு நேரவில்லை. பெருமைப்படத்தக்க செய்தி. அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. மாறியது ரத்தச் செல்கள்தாம், இனச்செல்கள் அல்ல. குணமடைந்த தந்தையின் மகள்கள் அனைவரும் அந்தப் பழுதைப் பெறவே செய்வார்கள். மகன்கள் எவரும் பெறமாட்டார்கள். சிகிச்சை ஒருவருடைய வாழ்வைத் திருத்துகிறது, பரம்பரையைத் திருத்துவதில்லை. ஆகவே ஆலோசனையின் தேவை எந்நாளும் தீராது.

இனிக் கிரகணத்துக்கு வருவோம். உதட்டுப்பிளவோடு குழந்தை பிறந்தால் தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்ற குற்றச்சாட்டு இன்றும் நிற்கிறது. கருவின் நாட்காட்டியைப் பார்த்தால் அது நொடியில் உடையும். கருவுற்ற மூன்றாம் வாரத்தில் கரு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. நான்காம் வாரம் முடிவதற்குள் மூளையும் தண்டுவடமும் ஆகவிருக்கும் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. மேலுதடு ஏழாம் வாரத்துக்குள் இணைந்துவிடுகிறது. அண்ணம் பன்னிரண்டாம் வாரவாக்கில் மூடிவிடுகிறது. ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வந்த கிரகணம், முன்பே மூடிய உதட்டை எப்படித் திறக்கும்? தான் கருவுற்றிருப்பதைத் தாயே உறுதியாக அறியாத நாட்களில் பெரும்பணி முடிந்துபோகிறது.

அந்த மூன்று அடுக்குகளைப் பற்றி வேறு எவரையும்விட இவ்வூர்த் தொழிலாளிக்கு எளிதாக விளக்கலாம். புற அடுக்கிலிருந்து மேல்தோலும் மூளையும் நரம்பும், நடு அடுக்கிலிருந்து உள்தோலும் தசையும் எலும்பும் ரத்தமும், அக அடுக்கிலிருந்து குடலின் உட்பூச்சும் நுரையீரலின் உட்பூச்சும் உருவாகின்றன. டேனரியில் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து உரோமத்தோடு கழன்றுபோவது மேல்தோல், அதாவது புற அடுக்கின் வாரிசு. எஞ்சி, ஆவாரம்பட்டையாலோ குரோமியத்தாலோ பதமாகித் தோல்பொருளாவது நடு அடுக்கின் வாரிசு. கருவில் மூன்றாம் வாரத்தில் பிரிந்த கோட்டின் வழியேதான் நாள்தோறும் இங்கே தோல் உரிபடுகிறது. அறிவியலை மக்களுக்குச் சொல்ல உவமை இல்லை என்று புலம்புவோர் இவ்வூரில் ஒரு நாள் தங்கலாம்.

நரம்புக்குழல் மூடாமற்போவது ஒற்றை மரபணுவின் கணக்கிலும் அடங்காது. மரபும் ஊட்டமும் சேர்ந்து விளைவது. முன்பு அவ்வாறு குழந்தை பெற்ற பெண்கள் கருவுறுவதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், மறுபடி அது நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டன் மருத்துவ ஆய்வு மன்றத்தின் சோதனை 1991இல் நிறுவியது. கருவுறுவதற்கு முன்பே என்பதுதான் இதில் முக்கியம். மூன்றாம் மாதத்தில் மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கும்போது, நரம்புக்குழல் மூடும் நாள் கடந்துவிட்டிருக்கும். திருமணப் பத்திரிகை அச்சடிக்கும்போதே அந்த மாத்திரையும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

'சொந்தம்' என்ற ஒற்றை விளக்கம் மறைக்கும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்ததை உச்சநீதிமன்றம் 1996இல் பதிவுசெய்தது; 2025 ஜனவரியில் மீண்டும் அதே படுகையைப் பற்றித் தீர்ப்பளித்தது. இந்த நீர் கருவைப் பாதிக்கிறதா என்று இப்பகுதித் தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண ஒவ்வொரு பிறவிக்குறையையும், பெற்றோரின் உறவையும், தாயின் உணவையும், குடிநீரையும், தொழிலையும் தனித்தனியே பதிந்து எண்ண வேண்டும். எதற்கெடுத்தாலும் உறவுத் திருமணத்தைக் காட்டிவிட்டால், எண்ண வேண்டிய பொறுப்பிலிருந்து எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இலக்கிய இதழ் வாசகர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பழி சொல்லில்தான் வாழ்கிறது என்பதால் நமக்கு வேலை உண்டு. குழந்தையின்மை ஒரு தம்பதியை எப்படி அரிக்கும் என்பதைப் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) காட்டியது. பதனிடும் குழிகளில் வாழ்ந்தவர்களை டி. செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல்லை வைத்து எழுதியது. குறையோடு பிறந்த குழந்தையின் தாய், முறை என்ற பெயரில் தன்னை அணைத்துக்கொண்ட குடும்பமே தன்னை விலக்கும் நாளில் என்ன ஆகிறாள் என்பது அதே அளவு விரிவாக எழுதப்பட வேண்டிய பொருள். வம்சம் என்ற சொல்லையே நாம் ஆண்வழியாகத்தான் எண்ணுகிறோம். உயிரியலோ பாதியைத் தாயிடமிருந்து எடுக்கிறது; மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களைத் தாயிடமிருந்து மட்டுமே எடுக்கிறது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. இவ்வளவு தெரிந்த பின்னும் பெண் குழந்தை பெற்றவள் தலைகுனிகிறாள்.

உறவுத் திருமணத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. வழக்கம் தானாகவே குறைந்துவருகிறது. அச்சுறுத்தல் அதைத் திரைக்குப் பின்னே தள்ளும். நாம் கேட்பவை சிலவே. மணம் பேசும்போது ஜாதகத்தோடு இரு வீட்டாரின் மூன்று தலைமுறை நோய் வரலாறும் பேசப்பட வேண்டும். குடும்பத்தில் அறியப்பட்ட பரம்பரை நோய் இருந்தால், உறவானாலும் அயலானாலும், மரபணு ஆலோசனை பெற வேண்டும். அவ்வாலோசனையில் கணவனும் உட்கார வேண்டும். சோதனை இருவருக்கும் நடக்க வேண்டும். முடிவு அவர்கள் இருவரைத் தவிர எவருக்கும் போகக்கூடாது. இல்லையேல் செவ்வாய் தோஷத்தோடு 'கடத்தி' என்பதும் பெண்ணின் குற்றப்பட்டியலில் ஏறிவிடும். அந்த அச்சம் வீணானதன்று. ஒடுங்கிய பழுது சிலவற்றைச் சுமக்காத மனிதர் உலகில் எவருமில்லை என்பதை அப்போது உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலூரில் அறிவு இருக்கிறது. வாணியம்பாடியில் தேவை இருக்கிறது. இடையில் இல்லாதது தெளிவான தமிழ். அதைத் தருவது மருத்துவர்களின் பொறுப்பு மட்டுமன்று, எழுதுகிறவர்களின் பொறுப்புங்கூட.